ஓட்டை வழியாகப் பார்த்தது

சுருட்டையை ஆபரேட்டர் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மதியக் காட்சியின்போது. தியேட்டர் மாடியில், படம் ஓட்டும் அறையின் கதவிலேயே நிற்க வைத்துப் பேசினார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"துணை ஆபரேட்டர் வேலை காலியா இருக்காமே. நீ ஒரு வார்த்தை சொன்னா முதலாளி தட்டமாட்டாருன்னாங்க," என்றான் சுருட்டை. தலையில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் உதிரவில்லை.

"சொல்லலாம். மறுபடியும் குடிச்சிட்டு வந்து படத்தைக் கொளுத்தினா?"

சுருட்டை சிரித்தான். "பஞ்சர் ஒட்டி ஒட்டி முதுகு போச்சுப்பா. அதான் கேட்டேன்."

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டே. நான் என்ன பண்ணட்டும்?"

சுருட்டை ஒரு எட்டு உள்ளே வந்து, திரையைப் பார்க்கச் சுவரில் விட்டிருந்த ஓட்டையில் கண்ணை வைத்தான். திரையில் கதாநாயகன் நல்ல வேலையை உதறிவிட்டு மழையில் நடந்துகொண்டிருந்தான்.

"பாரு அந்தக் கூத்தை," என்றார் ஆபரேட்டர். "எந்தக் கிறுக்கனாவது இப்படிச் செய்வானா?"

"ஏதாவது காரணம் இருக்கும்டா. ஓட்டை சின்னது. நமக்கு இவ்வளவுதான் தெரியும்."

போய்விட்டான். ஆபரேட்டர் முதலாளியிடம் எதுவும் சொல்லவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் அதே அறையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஆபரேட்டரின் மனைவி தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த சமயம். இரண்டு ராத்திரி கண் மூடாதவர், மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அயர்ந்துவிட்டார்.

கருகல் நாற்றத்தில் விழித்தபோது ஃபிலிம் எரிந்துகொண்டிருந்தது. சுருட்டை அதை வெறும் கையால் பிய்த்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். ஆபரேட்டர் மணல் வாளி எடுக்கக் கீழே ஓடினார். திரும்பி வருவதற்குள் மேனேஜர் அறைக்கு வந்துவிட்டார்.

"மெஷின்ல நின்னது யாருய்யா?"

"நான்தான் சார்," என்றான் சுருட்டை. அவன் வாயிலிருந்து பிராந்தி நெடி குப்பென்று அடித்தது.

அன்றைக்கே வேலை போயிற்று.

மெஷினில் நின்றிருக்க வேண்டியது தான்தான் என்று ஆபரேட்டருக்குத் தெரியும். ஆனால் அந்த நெடி அவருக்கு வசதியாக இருந்தது. 'நான் தூங்கினது இருக்கட்டும். இவன் குடிக்காம இருந்திருந்தா என்னை எழுப்பியிருப்பானே!' இதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டார்.

வேலை கேட்டு வந்த மறுமாதமே சுருட்டை போய்ச் சேர்ந்தான். மாரடைப்பு.

துக்கம் கேட்கப் போன இடத்திலும் ஆபரேட்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தக் குடி மட்டும் இல்லாம இருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பான், தங்கச்சி."

சுருட்டையின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருண்ணே குடிச்சது? அவருக்கு அந்த வாடையே ஆகாது. பக்கத்துல ஒருத்தன் குடிச்சிட்டு உக்காந்தா பஸ்ஸை விட்டே இறங்கிடுவாரு."

"அன்னைக்கு... வேலை போன அன்னைக்கு..."

"அன்னைக்கா? வாசப்படி ஏறினதும் ஏறாததுமா வாந்தி. என்னங்க ஆச்சுன்னா, 'ஒண்ணுமில்ல, வாய் கொப்பளிச்சேன்'னு சிரிக்கிறாரு. படம் பாக்க வந்த எவன்கிட்டயோ கேட்ல டிக்கெட் கிழிக்கிறவர் பிடுங்கி உங்க ரூம்ல வெச்சிருந்தாராமே, அந்தப் பாட்டில்லருந்துதான். வேலை போயிருக்கு, இவருக்குச் சிரிப்பு!"

அவள் எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்தாள்.

"தூக்கிப் போடறேன்னா விடமாட்டாரு. 'என் சர்டிபிகேட்டுடி அது, இருக்கட்டும்'பாரு. குடிக்காத மனுஷன் எதுக்கண்ணே அதைப் போய் வாயில ஊத்தினாரு? கடைசி வரைக்கும் சொல்லல. நீங்க கூட இருந்தவராச்சே, உங்களுக்குத் தெரியுமா?"



அவள் துணியை விலக்கிப் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள். இறுக்கி மூடியிருந்தது. கழுத்து வரை பிராந்தி இருந்தது.

ஒரே ஒரு வாய்தான் குறைந்திருந்தது.