முத்திரை வைத்த சீட்டு

"அவருக்கு இல்லைன்னா, எனக்கு மட்டும் எங்கேர்ந்துக்கா வந்துச்சு?"

கேட்டுவிட்டு ஷாலினி மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாத வயிறு. கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது போன வாரம்தான் தெரிந்தது.

தாராவியின் அந்தப் பரிசோதனை மையத்தில் ஆலோசகராக பூமாரிக்குப் பதினோரு வருடம் ஆகிறது. அழுகிறவர்களைச் சமாளிப்பாள், கத்துகிறவர்களையும் சமாளிப்பாள். இப்படிக் குரலே உயர்த்தாமல் கேட்கிறவர்களிடம்தான் தடுமாறுவாள்.

"அப்படி நடக்கிறது உண்டும்மா. வீட்டுல ஒருத்தருக்கு இருக்கும், இன்னொருத்தருக்கு இருக்காது. மூணு மாசம் கழிச்சு அவருக்கு இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாப்போம்."

"அதுவரைக்கும் நான் என்ன சொல்லட்டும்? 'எம்புள்ள சுத்தம், சர்க்காரே முத்திரை வச்சுக் குடுத்திருக்கு'ன்னு அத்தை அந்தச் சீட்டை எங்க சால்ல வீடு வீடாக் காட்டிட்டு வந்துட்டாங்க."

அந்த முத்திரையை வைத்தது பூமாரிதான்.

முந்தாநாள் மதியம் அவன் தனியாகத்தான் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. "மாரிக்கண்ணன், வயசு முப்பத்திரண்டு, லெதர் பை பட்டறை, லேபர் கேம்ப்" என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்து நீட்டினான். நெகட்டிவ் என்று சொன்னபோது அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எழுதிக் குடுப்பீங்கள்ல மேடம்?"

"குடுப்போம். ஆனா இதை வச்சு உங்க சம்சாரத்தை ஒரு சொல் சொல்லிடக் கூடாது. அவளுக்கு இப்ப நீங்கதான் தைரியம்."

"சரி மேடம். முத்திரை மட்டும் நல்லாத் தெரியுற மாதிரி வச்சிருங்க. வீட்டுல காட்டணும்."

சத்தம் போடாமல் கேட்டுக்கொள்கிறானே, நல்ல மனுஷன் என்று அப்போது தோன்றியது அவளுக்கு.

இப்போது ஷாலினியின் பக்கம் திரும்பி, படிவத்தில் உள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எப்பவாவது ரத்தம் ஏத்தினாங்களா?"

"இல்லக்கா."

"ஆபரேஷன்? பச்சை குத்துனது?"

"ஒண்ணுமே இல்ல."

பூமாரி பேனாவை மூடி வைத்தாள். அடுத்த கேள்வியை எப்படிக் கேட்டாலும் அது ஒரே மாதிரிதான் குத்தும்.

"கல்யாணத்துக்கு முந்தியோ, பிந்தியோ... வேற யாராவது? எங்கிட்ட மறைக்காதம்மா. இந்த ரூமைத் தாண்டிப் போகாது."

ஷாலினி முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களாவது நம்புவீங்கன்னு வந்தேன்க்கா."

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சீட்டு எழுதிய கை அவளுடையது. மாத்திரை டப்பாவை எடுத்து ஷாலினியின் முன்னால் வைத்தாள். "தினம் ஒரு மாத்திரை. தவறாமப் போட்டா குழந்தைக்கு வராமக் காப்பாத்திடலாம். உனக்கும் ஒண்ணும் ஆகாது. அதை மட்டும் விட்டுடாத" என்றாள்.

ஷாலினி மாத்திரை டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

பத்தாம் நாள் கோவண்டியிலிருந்து போன் வந்தது. ஷாலினியின் அம்மா.

"துணிமணியோட எம்புள்ளைய இங்க அனுப்பிட்டாவம்மா. எட்டு நாளாச்சு. சோறும் இறங்கல, மாத்திரையையும் தொட மாட்டேங்கா. 'கெட்டவன்னு முடிவு கட்டியாச்சு, பொழச்சு என்ன செய்ய'ங்கா. நான் சொன்னாக் கேக்கல. மாப்பிள்ளை வந்து ஒரு வார்த்தை சொன்னா எந்திரிச்சிருவா. நீங்க அவர்ட்ட பேசுவீங்களா தாயி?"

எட்டு நாள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு என்று பூமாரிக்குத் தெரியும். அன்றைக்கே அவன் குடியிருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்புக்குக் கிளம்பினாள். 'சரி மேடம்' என்று சொல்லிவிட்டுத்தானே போனான், அவன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட வேண்டும்.

விசாரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். கீழே தையல் மிஷின்கள் ஓடின. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரே அறை. கதவு திறந்துதான் கிடந்தது.

உள்ளே பாயில் ஒரு ஆள் படுத்திருந்தான். அந்த வெயிலிலும் கழுத்துவரை போர்வை. கன்னம் ஒட்டிப்போய், உதட்டோரம் வெள்ளை பூத்துக் கிடந்தது. ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த உறவுக்காரராக இருக்கும் என்று நினைத்தாள்.

"மாரிக்கண்ணன் வீடு இதுதானே? கொஞ்சம் அவரைக் கூப்பிடுறீங்களா? ஷாலினி விஷயமாப் பேசணும்."

அந்த ஆள் கையை ஊன்றிச் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தான். இருமல் அடங்கும்வரை கையைக் காட்டி நிறுத்தினான்.

"நான்தான் மாரிக்கண்ணன். என்ன விஷயம்?"

பூமாரி அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை.