இருட்டில் வந்த பச்சை

வாசலில் வந்து நின்ற செல்லம்மா அக்காவின் தலையில் இருந்த முளைப்பாரியைப் பார்த்ததும் ரத்தினம் தன் வீட்டு ஸ்டோர் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

முழ உயரம். மெலிந்து, வெளுத்து, பொன் நிறத்தில் ஆடியது பயிர்.

பின்னால் வந்த பெண்களின் சட்டிகளிலும் அப்படியேதான். இருட்டறையில் வெளிச்சத்தைத் தேடித் தேடி ஓங்கி வளர்ந்தவை.

அவன் வீட்டுச் சட்டியில் இருந்தது நான்கு விரற்கடைகூட இல்லை.

"இன்னா ரத்தினம், மூஞ்சி ஏன் இப்டி கீது? தீபாவைக் கூப்பிடு. உங்க வூட்டுப் பாரிதான் பாக்கி" என்றாள் செல்லம்மா அக்கா.

ஊரப்பாக்கத்தில் அந்தத் தெரு அம்மனுக்கு ஆடித் திருவிழா என்றால் அவள் வைத்ததுதான் சட்டம். நவதானியம் விதைத்த சட்டி இருட்டறையில் இருக்க வேண்டும். விளக்கு கூடாது. விதைத்தவளே எட்டிப் பார்க்கக் கூடாது. கதவிடுக்கில் கையை விட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு வந்துவிட வேண்டும். கண்ணால் பார்ப்பது திருவிழா அன்றைக்குத்தான்.

அவன் மனைவி தீபலட்சுமி இந்த வருஷம் சட்டி வைத்தது மகளுக்காக.

கௌசிக்கு இதயத்தில் ஓட்டை. மாடிப்படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். ஆபரேஷன் செய்யாவிட்டால் அதிக காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீபலட்சுமி அசைந்துகொடுக்கவில்லை.

"பாரி நல்லா வந்தா ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம். நானே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா என் புள்ள மேல யாரும் கத்தி வைக்கக் கூடாது."

போன வருஷம் அவள் வைத்த சட்டி பூஞ்சை பிடித்து அழுகிப் போயிருந்தது.

ரத்தினத்துக்கு அம்மன் மேல் நம்பிக்கை கிடையாது. ஐ.டி.ஐ. படித்த வயர்மேன். வெளிச்சம் இருந்தால் செடி நன்றாக வரும் என்பது அவனுக்குத் தெரியும். மீதியைத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டான்.

எலெக்ட்ரிகல் கடை கரீமிடம் இரண்டு பழைய டியூப்லைட் பட்டியும் சோக்கும் வாங்கினான். கூடவே மஞ்சள் வெளிச்சம் தரும் சி.எஃப்.எல். பல்புகள்.

"இன்னா மச்சான், கோழிக்குஞ்சு பொரிக்கப் போறியா?" என்று சிரித்தான் கரீம்.

தெர்மாகோலை அறுத்துப் பெட்டியாக ஒட்டினான். உள்ளே ஜிகினாத்தாள். பயிர் வளர வளர விளக்கை உயர்த்திக்கொள்ள ஸ்டோர் ரூம் பரணிலிருந்து கம்பி கட்டித் தொங்கவிட்டான். தீபலட்சுமி எக்ஸ்போர்ட் கம்பெனி பஸ் ஏறியதும் சுவிட்சைப் போடுவான். அவள் திரும்புவதற்குள் அணைத்து, எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடுவான். கரண்ட் போன நேரங்களில் அறை வாசலிலேயே உட்கார்ந்து மின்வாரியத்தைத் திட்டினான்.

நேற்று சாயங்காலம் கடைசியாகப் பெட்டியைக் கழற்றும்போதுகூட அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கட்டையாக, திண்ணென்று, கரும்பச்சையில் நின்றது பயிர்.

மற்ற வீட்டுப் பாரிகளை அவன் அதுவரை உற்றுப் பார்த்ததே இல்லை.

ஈரத் தலையோடு, மஞ்சள் புடவையில் தீபலட்சுமி வந்தாள். நேராக ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"தீபா, ஒரு நிமிஷம்..."

"என்னங்க?"

விளக்குப் போட்டதைச் சொன்னால் ஆத்தாவையே ஏமாற்றியதாகிவிடும். சொல்லாவிட்டால் இந்தக் குட்டைப் பயிர்தான் ஆத்தா சொன்ன பதில். எப்படிப் பார்த்தாலும் கௌசிக்கு ஆபரேஷன் இல்லை.

"ஒண்ணுமில்ல" என்றான்.

கதவு திறந்தது.

தீபலட்சுமி சட்டியைப் பார்த்தாள். அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அய்யய்யோ, குட்டையால்ல கீது" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்.

செல்லம்மா அக்கா தன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். குனிந்தாள். ஒரு இலையை இரண்டு விரலால் தடவினாள். தன் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள்.

ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏய்... இது பச்சைடி!"

வெளியே நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வெயிலே படாம எப்டிடி பச்சை வரும்? இத்தினி வருசத்துல நான் பாத்ததே இல்லடி. ஆத்தா கண்ணைத் தொறந்து பாத்துக்கினு கீறாடி!"

அவள் போட்ட குலவையில் தெருவே அதிர்ந்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். முணுமுணுத்தவள்தான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தீபலட்சுமி தரையில் நெற்றி பதித்துக் கும்பிட்டாள். எழுந்தபோது கண்ணில் நீர், முகத்தில் சிரிப்பு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் பார்க்கும் சிரிப்பு.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க. ஆத்தாவே சொல்லிட்டா. இனிமே எனக்குப் பயம் இல்ல."

ரத்தினம் தலையாட்டினான்.

சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, கௌசியின் கன்னத்தைத் தட்டிவிட்டு, அவள் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். குலவைச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்ட அவன் மடியில் கௌசி ஏறி, சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஊர்வலம் பார்க்கத் தூக்கிப் போகச் சொன்னாள். அவன் அவளை மார்போடு அணைத்துக்கொண்டான்.

டாக்டர் அவனை மட்டும் தனியே அழைத்து ஒன்று சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பது பாதிக்குப் பாதிதான்.

அதை அவன் தீபலட்சுமியிடம் சொல்லவில்லை. இனிமேல் சொல்லவும் முடியாது.

மகளின் நெஞ்சு தன் நெஞ்சின் மேல் படபடப்பதைக் கேட்டபடி, திறந்து கிடந்த அந்த இருட்டறையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்குப் போடாமல் விட்டிருந்தால் அந்தப் பயிர் எப்படி வந்திருக்கும் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது அவனுக்கு.