பத்துக்குப் பத்து

"இந்த நைலான் நூல் உள்ளங்கால்ல படுறப்பல்லாம் 'ம்' சொல்லணும் சார். அவ்வளவுதான் பரீட்சை."

"இதுல பாஸானா என் பழைய ஷூவையே போட்டுக்கலாம் இல்ல சிஸ்டர்? வெள்ளிக்கிழமை எனக்கு ரிடையர்மென்ட் பார்ட்டி" என்றார் ரயில் டிக்கெட் பரிசோதகர்.

"தாராளமா. ஆனா கால் மரத்திருந்தா இந்தச் செருப்புதான்." நர்ஸ் காட்டியது, இரண்டு தலையணைகளுக்கு வார் தைத்ததுபோல் இருந்தது. "சர்க்கரைக்காரங்களுக்கு ஆணி குத்தினாலும் தெரியாது சார். புண்ணு புரையோடிக் காலையே எடுக்க வேண்டி வந்துடும். தினமும் கண்ணாடி வச்சு உள்ளங்காலைப் பாருங்க. ஷூவை உதறிட்டுப் போடுங்க. சரி, கண்ணை மூடிக்குங்க."

மூடிக்கொண்டார். டிக்கெட் எடுக்காமல் தூங்குவதுபோல் நடிப்பவர்களை முப்பது வருடமாகத் தட்டி எழுப்பியவர் அவர். இப்போது தானே அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. ஆறு மாதமாக அவர் கால் மரத்துத்தான் கிடந்தது. பயத்தில் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை.

கிறீச்! நர்ஸ் குனிகிறாள்போல, அவள் நாற்காலி முனகியது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்குத் தெரிந்தது.

"ம்" என்றார்.

கிறீச்.

"ம்."

அட, இவ்வளவுதானா! தன்னிடம் மாட்டிய திருட்டுப் பயணிகளுக்கு இந்தச் சாமர்த்தியத்தில் பாதி இருந்திருந்தால், இவர் வேலையே போயிருக்கும்.

ஐந்தாவது 'ம்'முக்குப் பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. பரிசோதகர் உள்ளுக்குள் நகைத்தார். 'தொடாமலே ம் சொல்கிறேனா என்று வேவு பார்க்கிறாயா, தாயே? என்னிடமா?' வாயை இறுக்க மூடிக்கொண்டார். மறுபடி கிறீச் என்ற பிறகுதான் திறந்தார்.

"முடிஞ்சுது சார்."

"பத்துக்குப் பத்து! நானும் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு தன் ஷூவைத் தேடினார்.

நர்ஸ் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, தலையணைச் செருப்பை அவர் காலடியில் வைத்தாள்.

"அந்தப் பத்து தடவையும் நான் சும்மா நாற்காலியிலதான் ஆடினேன் சார். நடுவுல கொஞ்ச நேரம் ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தேனே, அப்பதான் நூல் வளையுற அளவுக்கு ரெண்டு கால்லயும் குத்திப் பார்த்தேன். அப்ப மட்டும்தான் நீங்க வாயே திறக்கல."