புதுக் கேமராவின் முதல் படம்

பழைய கேமராவில் தஸ்நேவிஸ் தலையைக் குனிந்து, மேலிருக்கும் கண்ணாடியில்தான் உருவத்தைப் பார்ப்பார். அவர் கண்கள் தன்மேல் படாததால், பாதி முகம் தீயில் வெந்துபோயிருந்தும் அவர் மனைவி எமல்டா பதினாறு வருடம் கூச்சமில்லாமல் அதன்முன் உட்கார்ந்தாள். அதை விற்றுவிட்டு, கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் வேறொரு கேமராவுக்கு மாறினார் அவர். முதல் படத்துக்கும் அவளைத்தான் உட்காரவைத்தார். முகம் தெளிவாகத் தெரிய லென்ஸைத் திருகிக்கொண்டே வந்தவரின் கை சட்டென்று நின்றது. கேமராவுக்குக் கீழே தெரிந்த அவர் உதடு கோணியது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பேன்."

காயமில்லாத கன்னத்தைக் காட்டித் திரும்பினாள்.

"இன்னும் கொஞ்சம்."

திரும்பினாள்.

"இன்னும்."

சுவரைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்த பிறகுதான், முதுகுக்குப் பின்னால் ஷட்டர் விழும் சத்தம் கேட்டது.