அஸ்திவாரத்துக்கு ஒரு போர்வை

“ராத்திரி குளிர் தாங்காதும்மா. ஓரமெல்லாம் நல்லா செருகி விடுங்க” என்றான் கியூசிக். யாங்சூன் தன் கல்யாணத்துக்கு வந்த பஞ்சுப் போர்வையை நாலு பக்கமும் இழுத்து மூடினாள்.

போர்வைக்குள் இருந்தது பிள்ளையல்ல, முற்றத்துக் குழியில் அப்போதுதான் ஊற்றிய காங்கிரீட். கொரியாவின் கங்வொன் மலைப் பனியில் ஓர் இரவு திறந்து கிடந்தால் உறைந்து உதிர்ந்துவிடும். அது இறுகினால்தான் கம்பத்தை நட்டு, மேலே சோலார் தகட்டைப் பூட்ட முடியும்.

இறுகிவிட்டால் கியூசிக் போய்விடுவானே என்பதுதான் யாங்சூனின் கவலை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் சியோலிலிருந்து எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கம்பெனி அனுப்பிய இந்த ஆள் பக்கத்து அறையில் தங்கிய பிறகுதான் அவள் இரண்டு பேருக்குச் சோறு வைத்தாள்.

விடிந்ததும் முற்றத்தில் அவன் குரல். “போச்சும்மா! மறுபடியும் காட்டுப்பன்னி போர்வையை இழுத்துப் போட்டிருக்கு!”

காங்கிரீட் வெளுத்துப் பொரிந்து கிடந்தது. பக்கத்துக் கல்லின்மேல் போர்வை, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. யாங்சூன் அவசரமாக அதை எடுத்து உதறினாள்.

“நாசமாப் போற பன்னி!” என்று திட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கியூசிக்கின் போன் அலறியது. முதலாளியைத் தவிர வேறு யாரும் அவனைக் கூப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

“எனக்கே காது குத்தறியா? நாளைக்குக் காலையில நானே வர்றேன். பன்னி வந்த அடையாளத்தைக் காட்டு, இல்லன்னா உனக்கு வேலை இல்ல!” என்று முதலாளி கத்தியது அவளுக்கே கேட்டது.

முகம் செத்துப்போய்ச் சாப்பிட உட்கார்ந்தவனுக்குச் சூடாக சூப் ஊற்றினாள். “வருசப் பொறப்பு வருதே, ஊருக்குப் போகலியாப்பா?”

“அங்க யாரும்மா இருக்கா?” என்றான். அவள் பாவம் என்று நினைத்துக்கொண்டாள், அவனையும் தன்னையும் சேர்த்து.

கெட்டுப்போன காங்கிரீட்டை அவன் உடைத்தெடுக்கப் போனதும் அவனுடைய அறையைப் பெருக்க நுழைந்தாள். மூலையில் அவன் படுக்கை, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, செங்கல் மாதிரி இருந்தது. பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் அவள் மகனும் இப்படித்தான் மடிப்பான்; அங்கே போய்வந்த ஆம்பிளைகளுக்கு அந்தப் பழக்கம் லேசில் போகாது.

சாயங்காலம் குழி மறுபடியும் நிரம்பியது. போர்வையை அவன் கையில் கொடுத்தவள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“பன்னிகிட்ட சொல்லி வைப்பா, இன்னிக்காவது போர்வையைக் கசக்கிப் போடட்டும்.”