பீரோவுக்குப் பின்னால் ஒரு விரிசல்

“இவனெல்லாம் ஒரு இன்ஜினியரு!” என்று மனைவியின் காதைக் கடித்தார் வீட்டுக்காரர்.

காலில் ரப்பர் செருப்பு, கையில் சுத்தியல், காதிடுக்கில் பென்சில். “ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டணும்” என்று போனில் சொன்ன பல் டாக்டரம்மா, இந்த அழகைத்தான் கூட்டி வந்திருந்தாள். பல்லைப் பிடுங்கத் தெரிந்தால் போதுமா, ஆளைப் பிடிக்கத் தெரிய வேண்டாமா?

படுக்கையறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழைகிற விரிசல். முன்பு வீடு வாங்க வந்த இரண்டு பேரின் இன்ஜினியர்களும் அதைப் பார்த்துத்தான் வீடே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை பட்டி தேய்த்து, பெயிண்ட் அடித்து, பீரோவையும் நகர்த்தி வைத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார். இதுவும் தட்டிப்போனால், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் பேசி வைத்திருக்கும் ஃபிளாட் கைவிட்டுப் போய்விடும்.

“பாவங்க, சொல்லிடலாமே” என்றாள் மனைவி.

“நீ வாயைத் திறக்காதே. அவனுக்கு விரிசலுக்கும் ஒட்டடைக்கும் வித்தியாசம் தெரியாது.”

அந்த ஆள் நிமிர்ந்து கூரையைப் பார்க்கக்கூட இல்லை. கதவு நிலைகளைத் தட்டித் தட்டி எண்ணினான். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டினான்.

“கேட்டுக்குள்ள லாரி வருமா சார்?” என்று வேறு கேட்டான். வீட்டைப் பார்க்க வந்தவனுக்கு லாரி என்னத்துக்கு? சரியான மண்டு!

ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. படுக்கையறைக்குள் போனவன் பீரோமேல் கையை வைத்தான். “இதைக் கொஞ்சம் நகர்த்தணும் சார். பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கணும்.”

வீட்டுக்காரர் பாய்ந்து வந்து பீரோவை மறித்து நின்றார். டாக்டரம்மாவை அவசரமாகக் கூடத்துக்கு அழைத்து வந்தார்.

“உங்களுக்காக அஞ்சு லட்சம் குறைச்சுக்கறேம்மா. இப்பவே முடிச்சுக்கலாம். ஆனா பார்த்தவரைக்கும் போதும், வீடு இருக்கறது இருக்கறபடிதான்.”

“நிஜமாவா சார்? கிளினிக்குக்கு இதைவிட்டா தோதான இடமே இல்ல. குறைச்சுக் கேட்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு!”

தயாராக எழுதி வைத்திருந்த ஒப்பந்தத்தில் புது விலையைப் போட்டு இருவரும் கையெழுத்திட்டார்கள்.

காகிதம் பைக்குள் போனதும் வீட்டுக்காரருக்கு நாக்கு நமநமத்தது. ஐந்து லட்சம் போனாலும், ஏய்த்துவிட்ட மிதப்பு மனுஷனை விடவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அடுத்த தடவை வீடு வாங்கறப்ப விஷயம் தெரிஞ்ச இன்ஜினியராக் கூட்டிட்டுப் போங்க. இந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியல.”

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இன்ஜினியரா? இந்த வீட்டை இடிச்சுத் தள்ள ரேட் பேச வந்தவர் சார் அவர்!”