சைவ வீட்டு மீன்குழம்பு

"முள்ளுப் பாத்துச் சாப்பிடு, மோனை."

ஞானாம்பிகை சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கனிசியஸின் சோற்றுக் கோப்பையில் மீன்குழம்பை ஊற்றினாள். அவன் வரும்வரை மீன் வாசலே மிதிக்காத சைவ வீடு அது. வெள்ளிக்கிழமைகூடப் பாராமல், கொல்லையில் கல் கூட்டிப் புதுச்சட்டியில் காய்ச்சியிருந்தாள்.

அவள் கணவர் நமசிவாயம் மணம் தாங்காமல் முற்றத்துக்குப் போய்க் காறித் துப்பினார். என் முகத்திலல்லவா துப்ப வேண்டும் என்று கனிசியஸ் நினைத்தான்.

மீன்பிடிக் கரையான குருநகர்ப் பெடியன் அவன். உளவியல் படிக்கிறான். புத்தூரில் இந்த வீட்டுக்கு அவனை அனுப்பியது விரிவுரையாளர் செல்வரட்ணம்.

"ஆமி பிடிச்ச மகன் திரும்பி வருவான் எண்டு புருசனுக்கும் மனிசிக்கும் ஒரே பைத்தியம். ஒராளிட்டையிருந்து மற்றாளுக்குத் தொத்தினது. நீ போ, உன்னைத்தான் மகன் எண்டு பிடிச்சுக்கொள்ளுவினம். எவ்வளவு காலம் நம்புவினம் எண்டு பாப்பம்."

மறுத்தால் பரீட்சையில் தேறமாட்டாய் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஆராய்ச்சியாம்! பெற்ற வயிற்றில் கைவிட்டுக் கிண்டுவதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்!

மாதக்கணக்காய் "அம்மா, அப்பா" என்று அழைத்து அவனுக்கு நாக்கே கசந்துவிட்டது. ராணுவம் பிடித்துப்போன மகன் வெளியில் எங்கோ மீன் பழகியிருப்பான் என்று அவர்கள் எண்ணுவதாக நினைத்து, வைத்ததையெல்லாம் தின்றான்.

இன்றைக்கு அவள் ஓங்காளித்தபடியே தன் விரலால் மீனைப் பிய்த்து முள்ளை எடுத்துவிட்டாள். அதற்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான்.

"சீ! என்ன பிழைப்பு இது! அம்மா, நான் உங்கடை மகனில்லை. என்ரை தாய் தேப்பன் குருநகரிலை இருக்கினம். செல்வரட்ணம் சேர் சொல்லித்தான் நடிச்சனான். நானெல்லாம் ஒரு மனிசனே!"

அலறி விழப்போகிறாள் என்று பயந்து, தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான்.

ஞானாம்பிகை விழவில்லை. அவள் முகமெல்லாம் மலர்ந்தது. நல்லூர்க் கோயில் இருந்த திசையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மீன்சட்டியைக் கொண்டுபோய் எறியுங்கோ! பிள்ளைகுட்டி இல்லாத எங்களைத் தாய் தேப்பன் எண்டு நம்பின பெடியனுக்கு, செல்வரட்ணம் சேர் எங்களுக்குச் சொன்னபடியே பைத்தியம் தெளிஞ்சிட்டுது!"